நான் ஏன் கீழ்ப்படியணும்? வாசகர் கேள்வி பதில்

மேற்கத்திய அரசியல் தத்துவத்தைப் படிக்க ஒரு வழி காட்டுங்கன்னு சில பேர் தொடர்ந்து எழுதிட்டே இருந்தாங்க, அதனால இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்கு மட்டும் ஒதுக்கிட்டோம். ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்திருக்கேன்.

அக்கா, நான் பெரம்பூர், ஐடி கம்பெனியில வேலை. பிளேட்டோவோட ரிபப்ளிக் வாங்கினேன், ரெண்டு தடவை ஆரம்பிச்சும் பாதி கூட தாண்டல. எங்க இருந்து ஆரம்பிக்கறது? மொதல்ல ஏதாவது சுருக்கமான அறிமுகப் புத்தகம் படிச்சிட்டு வரலாமா?

ரிபப்ளிக்கை கொஞ்ச நாள் தள்ளி வைங்க தம்பி. அது பத்து பகுதி உள்ள பெரிய நூல், முதல்லயே அதுல இறங்கினா திணறத்தான் செய்யும். அதே பிளேட்டோ எழுதின சின்ன நூல் ரெண்டு இருக்கு, அப்பாலஜி, கிரிட்டோ. ரெண்டையும் சேர்த்து ஒரு ஞாயித்துக்கிழமையில முடிச்சிடலாம். கி.மு. 399-ல கிரேக்க நாட்டு ஏதென்ஸ்ல பிளேட்டோவோட குரு சாக்ரடீஸ் மேல கேஸ் போட்டாங்க, ஊர் கும்பிடற சாமியை ஏத்துக்கல, புது தெய்வங்களைக் கொண்டு வர்றார், இளைஞர்களைக் கெடுக்கறார்னு. அவருக்கு அப்ப 70 வயசு. சுமார் 500 பேர் இருந்த ஜூரி முன்னாடி அவர் பேசினதா பிளேட்டோ எழுதினதுதான் அப்பாலஜி. இன்னும் 30 ஓட்டு மாறி விழுந்திருந்தா விடுதலை ஆகியிருப்பேன்னு அதுல அவரே சொல்றார், அவ்வளவு கிட்டத்துல போன தீர்ப்பு அது.

அதுல ஒரு இடம் வரும், நீங்க தத்துவம் பேசறதை நிறுத்தினா விட்டுடறோம்னு நீங்க சொன்னா கூட நான் நிறுத்த மாட்டேன், உங்களுக்கு கீழ்ப்படியறதை விட கடவுளுக்கு கீழ்ப்படிவேன்கறார். இன்னொரு விஷயமும் சொல்றார், முப்பது பேர் சேர்ந்து ஏதென்ஸ்ல கொடுங்கோல் ஆட்சி நடத்தினப்ப, சலாமிஸ் ஊர்க்காரர் லியோனைப் பிடிச்சிட்டு வாங்கன்னு இவரையும் சேர்த்து 5 பேருக்கு உத்தரவு போட்டாங்க, மத்த 4 பேரும் போனாங்க, இவர் நேரா வீட்டுக்குப் போயிட்டார்.

இப்ப கிரிட்டோவை எடுங்க. அதே ஆளு ஜெயில்ல இருக்கார், பொழுது விடியறதுக்கு முன்னாடியே நண்பர் கிரிட்டோ வந்து எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு, தப்பிச்சிடலாம் வாங்கன்னு கூப்பிடறார். சாக்ரடீஸ் வர மாட்டேங்கறார். ஏதென்ஸோட சட்டங்களே எந்திரிச்சு வந்து தன்னைக் கேள்வி கேக்கற மாதிரி கற்பனை பண்றார், நாங்க உன்னை வளர்த்தோம், பிடிக்கலைன்னா சொத்தோட வேற ஊருக்குப் போக எப்பவும் அனுமதி இருந்துச்சு, நீ போகல, இங்கயே வாழ்ந்த, அப்ப நீ எங்களுக்கு ஒத்துக்கிட்டன்னுதான அர்த்தம், இப்ப உனக்கு எதிரா தீர்ப்பு வந்ததும் ஓடிடுவியான்னு. ஓடாம விஷத்தைக் குடிச்சு செத்துப் போனார்.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. அங்க கீழ்ப்படிய மாட்டேன்னவர் இங்க உயிர் போனாலும் கீழ்ப்படிவேங்கறார். இது முரணா, இல்ல ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கான்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னிக்கும் வாதாடறாங்க. என் கருத்து, ஒரு அநியாயத்தை நீ செய்னு சொன்னா மறுக்கறார், அநியாயம் தனக்கு நடந்தா தாங்கிக்கறார். உங்களுக்கு வேற மாதிரி தோணலாம், தோணட்டும். நான் ஏன் கீழ்ப்படியணும், எது வரைக்கும் கீழ்ப்படியணும்ங்கற இந்தக் கேள்வியைத்தான் பின்னாடி 17, 18-ம் நூற்றாண்டுல வந்த ஹாப்ஸ், லாக், ரூசோங்கற சிந்தனையாளர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப பிடிச்சு இழுக்கறாங்க, அதனால இந்த ஒரு கேள்வியைக் கையில வெச்சுக்கிட்டு அடுத்தடுத்த ஆளைப் பாருங்க. இவர் எழுதறப்ப இவர் ஊர்ல என்ன நடந்துச்சு, எதைப் பாத்து பயந்தார், முன்னாடி இருந்த யாருக்கு பதில் சொல்றார், இந்த மூணையும் கேட்டீங்கன்னா புரியாத பக்கம் கூட பேச ஆரம்பிச்சிடும்.

அறிமுகப் புத்தகம் பின்னாடி படிங்க. முதல்லயே படிச்சா பிளேட்டோ என்ன சொன்னார்னு விடை மட்டும் தெரியும், அவர் எதோட மல்லு கட்டினார்னு தெரியாம போயிடும்.

அப்புறம் ரிபப்ளிக்குக்கு வாங்க, ஆனா முழுசா வேணாம். முதல் பகுதியில திராசிமாக்கஸ்னு ஒருத்தர் கோபமா உள்ள வந்து நீதி நீதின்னு பேசறீங்களே, பலமா இருக்கறவனுக்கு எது லாபமோ அதுதான்யா நீதின்னு கத்துவார். ரெண்டாம் பகுதி ஆரம்பத்துல கிளாக்கன் ஒரு கதை சொல்வார், லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருத்தனுக்கு ஆளை மறைய வைக்கற மோதிரம் கிடைக்குது, அவன் ராணியை மயக்கி ராஜாவைக் கொன்னு நாட்டையே பிடிச்சிடறான், யாரும் பாக்கலைன்னா எவன் நியாயமா இருப்பான்னு கேக்கறார். இந்த ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத்தான் மிச்ச புத்தகமே. அது தெரிஞ்சிட்டா நீங்க நிறுத்தின இடத்தைத் தாண்டிடுவீங்க. ஏழாம் பகுதி ஆரம்பத்துல குகைக் கதை வரும், அதைத் தனியாவே படிக்கலாம்.

மேடம், பிளேட்டோவுக்கு ஜனநாயகமே பிடிக்காதுன்னு எங்க புரொபசர் சொன்னார். அப்படிப்பட்டவரை நாம ஏன் படிக்கணும்? வியாசர்பாடியில இருந்து ஒரு காலேஜ் மாணவன்.

பிடிக்காதுங்கறது உண்மைதான்பா. ஆனா அந்த வெறுப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு பாரு. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் கி.மு. 431-ல இருந்து 404 வரைக்கும் சண்டை போட்டாங்க, பிளேட்டோ பொறந்து வளர்ந்ததே அந்தப் போருக்குள்ளதான், கடைசியில ஏதென்ஸ் தோத்துச்சு. அப்புறம் முப்பது பேர் ஆட்சி, அதுல பிளேட்டோவோட அம்மா வழி சொந்தக்காரங்களே இருந்தாங்க, அவங்க பண்ணின கொலைகள் கொஞ்ச நஞ்சமில்ல. அதைத் துரத்திட்டு ஜனநாயகம் திரும்ப வந்துச்சேன்னு பாத்தா அது அவரோட குருவையே கொன்னுடுச்சு. இதையெல்லாம் பாத்த ஒருத்தர்தான் நாட்டை ஒரு கப்பல் மாதிரி காட்டி, கப்பல் ஓட்டத் தெரியாதவங்க சுக்கானுக்கு அடிச்சிக்கறாங்க, உண்மையான மாலுமியை வானத்தைப் பாத்துட்டு நிக்கற பைத்தியம்னு சொல்றாங்கன்னு எழுதறார். ஜனநாயகம் மேல உனக்கு நம்பிக்கை இருந்தா, அதை எதிர்த்து வந்த வாதத்துலயே ரொம்ப பலமானது எதுவோ அதோட மோதிப் பாக்கணும், அது இவரோடது.

அதே ரிபப்ளிக் புத்தகத்துல ஆளறவங்களுக்கு சொந்த வீடு சொத்து எதுவும் இருக்கக் கூடாதுங்கறார், தகுதி இருந்தா பெண்களும் காவலர்களா நாட்டை ஆளலாம்னு அஞ்சாம் பகுதியில சொல்றார். சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னாடி! இதை யாரும் பெருசா எடுத்துப் பேசறதில்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

பிளேட்டோவுக்கு முதல் நல்ல பதில் அவரோட மாணவர் அரிஸ்டாட்டில் கிட்ட இருந்தே வந்துச்சு. ஒருத்தர் செலவுல போடற விருந்தை விட பல பேர் ஆளுக்கொண்ணு கொண்டு வந்து சேர்க்கற விருந்து நல்லா இருக்க முடியும், அதே மாதிரி தனித்தனியா சாதாரணமா இருக்கற பல பேர் ஒண்ணா சேர்ந்தா ஒரு அறிவாளியை விட நல்லா முடிவெடுக்க வாய்ப்பு இருக்குன்னு அரசியல் நூலோட மூணாம் பகுதியில சொல்றார். அவரும் ஜனநாயகவாதி இல்ல. சில பேர் இயற்கையிலயே அடிமைன்னு வாதாடினவர் அவர், அந்தப் பகுதியை ஆசிரியர்கள் தாண்டிப் போயிடுவாங்க, நீ தாண்டாம படி.

மாக்கியவெல்லி ஒரு வில்லனா, இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க. சைதாப்பேட்டை வாசகர்.

ஒரே வரியில முடியாது சார், கொஞ்சம் கூட எடுத்துக்கறேன். இத்தாலியில பிளாரன்ஸ் குடியரசுக்கு 14 வருஷம் அதிகாரியா இருந்தவர். 1512-ல மெடிச்சி குடும்பம் திரும்ப ஆட்சிக்கு வந்ததும் வேலை போச்சு, அடுத்த வருஷம் சதி பண்ணினார்னு பிடிச்சு, கையைப் பின்னால கட்டி கயித்துல தொங்க விட்டு சித்திரவதை பண்ணாங்க. வெளிய வந்து அதே 1513-ல தி பிரின்ஸ் எழுதினார். அச்சுல வந்தது 1532, அவர் செத்து 5 வருஷம் கழிச்சு. 1513 டிசம்பர்ல நண்பருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கார், பகல்ல கிராமத்துல சீட்டாடிட்டு சண்டை போட்டுட்டு இருப்பேன், ராத்திரி சேறு படிஞ்ச துணியைக் கழட்டிட்டு அரசவைக்குப் போற உடுப்பைப் போட்டுக்கிட்டு படிக்கற ரூமுக்குள்ள போவேன், பழங்காலத்து பெரியவங்களோட நாலு மணி நேரம் பேசுவேன், அப்ப வறுமை மேல பயம் இல்ல, சாவு மேல பயம் இல்லங்கறார். அந்தக் கடிதத்தைப் படிச்சிட்டு பிரின்ஸைப் படிங்க. அன்பை விட பயம் பாதுகாப்புன்னு 17-ம் அத்தியாயத்துல சொன்னதை எல்லாரும் சொல்வாங்க, மக்கள் வெறுக்கற அளவுக்கு போயிடாதே, அவங்க சொத்துல கை வைக்காதேன்னு அதே அத்தியாயத்துல இருக்கறதை யாரும் சொல்றதில்ல. பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியைப் பத்தி அவர் எழுதின டிஸ்கோர்சஸ்ல குடியரசு பக்கம் நிக்கறார், இளவரசனை விட மக்கள் கூட்டம் நிதானமானதுன்னு வாதாடறார். ரெண்டையும் எழுதினது ஒரே கைதான்.

அக்கா, அண்ணா நகர்ல சிவில் சர்வீஸ் கோச்சிங் போறேன், அரசியல் அறிவியல் ஆப்ஷனல். ஹாப்ஸ், லாக், ரூசோ மூணு பேரும் சமூக ஒப்பந்தம்ங்கறாங்க, நோட்ஸ்ல டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணாலும் கலந்துடுது. அப்புறம் சிலபஸ்ல மேற்கத்திய சிந்தனையில பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், மில், மார்க்ஸ், கிராம்ஷி, ஹன்னா ஆரெண்ட்னு இருக்கு, ரூசோ பேர் இல்ல. விட்டுடலாமா?

டேபிளை மூடி வைமா. மக்கள் தங்களுக்குள்ள ஒத்துக்கிட்டு அரசை உண்டாக்கினாங்கங்கறதுதான் சமூக ஒப்பந்தம். மூணு பேரும் ஒரே கேள்விக்கு பதில் சொல்ற மாதிரி டேபிள் காட்டும், ஆனா ஒவ்வொருத்தருக்கும் பயம் வேற வேற.

ஹாப்ஸுக்கு பயம் உள்நாட்டுப் போர். அவர் பொறந்தது 1588, ஸ்பெயின் கப்பல் படை இங்கிலாந்து மேல வந்த வருஷம், அம்மா என்னையும் பயத்தையும் இரட்டைப் பிள்ளையா பெத்தாங்கன்னு அவரே பின்னாடி எழுதி வெச்சார். 1642-ல ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் ஆரம்பிச்சப்ப அவர் ஏற்கனவே பாரிஸுக்கு ஓடிட்டார், 1649-ல ராஜா சார்லஸோட தலையை வெட்டினாங்க, 1651-ல அவரோட லெவியதன் நூல் வெளிவந்துச்சு. அதிகாரம்னு ஒண்ணு இல்லாத இடத்துல மனுஷ வாழ்க்கை தனிமையா, ஏழ்மையா, அருவருப்பா, மிருகத்தனமா, குறுகினதா இருக்கும்ங்கற பேர் போன வரி 13-ம் அத்தியாயத்துல இருக்கு. அதுக்கு அவர் சொல்ற காரணத்தைப் பாரு, மனுஷங்க கெட்டவங்கன்னு சொல்லல, சமமானவங்கங்கறார். ரொம்ப பலவீனமானவன் கூட ரொம்ப பலசாலியைக் கொல்ல முடியும், தூங்கறப்பவோ நாலு பேரைச் சேர்த்துக்கிட்டோ, அதனால யாருமே நிம்மதியா இருக்க முடியாது, அதனால எல்லாரும் சேர்ந்து ஒருத்தர் கிட்டயோ ஒரு சபை கிட்டயோ அதிகாரத்தை ஒப்படைச்சிடறாங்க. அப்படி ஒப்படைச்சாலும் அரசன் உன்னைக் கொல்ல வந்தா எதிர்க்கலாம்னு 21-ம் அத்தியாயத்துல விட்டு வைக்கறார், ஏன்னா உயிரைக் காப்பாத்திக்கத்தான ஒப்பந்தமே போட்டோம். இந்தப் பாயிண்ட் நோட்ஸ்ல பெரும்பாலும் இருக்காது.

லாக்குக்கு பயம் அந்த அரசனேதான். எல்லாரும் சிங்கத்துக்கிட்ட போய் பாதுகாப்பு கேப்பாங்களான்னு ஹாப்ஸ் வழியில போறவங்களைக் கேக்கற மாதிரி இருக்கும் அவர் எழுத்து. அரசாங்கத்துக்கு எதிரா சதி பண்றவங்களோட பழக்கம்னு சந்தேகப்பட்டதால 1683-ல ஹாலந்துக்குத் தப்பிச்சுப் போனார், 1689-ல ஆட்சி மாறினப்புறம் திரும்பி வந்து அரசாங்கத்தைப் பத்தின இரண்டு ஆய்வுரைகளை பேர் போடாம வெளியிட்டார். சாகற வரைக்கும் நான்தான் எழுதினேன்னு வெளிப்படையா ஒத்துக்கல, உயில்லதான் சொன்னார். உயிர், சுதந்திரம், சொத்து, இதைக் காப்பாத்தத்தான் அரசு, அதையே பறிச்சா அந்த அரசு கலைஞ்சு போச்சு, மக்கள் புதுசா அமைச்சுக்கலாம். ரெண்டாவது ஆய்வுரையில 5-ம் அத்தியாயமும் கடைசி அத்தியாயமான 19-ம் முழுசா படி, மத்ததை வேகமா பாக்கலாம்.

ரூசோவை விடாதமா. சிலபஸ்ல பேர் இல்லைன்னாலும் மார்க்ஸுக்குப் போறதுக்கு நடுவுல இந்தப் பாலம் இல்லைன்னா குதிக்க வேண்டியிருக்கும். அவர் ஜெனீவாவுல ஒரு கடிகாரம் செய்றவர் பையன், முறையா பள்ளிக்கூடம் போகாதவர். ஹாப்ஸ் சொல்ற போட்டி, பொறாமை எல்லாம் மனுஷனோட இயற்கை இல்ல, சொத்தும் சமூகமும் வந்தப்புறம் ஒட்டிக்கிட்டதுன்னு 1755-ல வந்த சமத்துவமின்மை பத்தின நூல்ல சொல்றார். பணக்காரன் தன்னைக் காப்பாத்திக்க ஏழையை ஏமாத்தி போட்டதுதான் முதல் ஒப்பந்தம்ங்கறார், லாக்குக்கு இது நேரடி அடி. 1762-ல சமூக ஒப்பந்தம் வந்துச்சு. மனிதன் சுதந்திரமா பொறந்தான், எங்க பாத்தாலும் விலங்கு மாட்டியிருக்கான்னு ஆரம்பிக்கும். இங்கிலாந்துக்காரங்க தங்களை சுதந்திரமானவங்கன்னு நினைக்கறாங்க, ஓட்டு போடறப்ப மட்டும்தான் அப்படி, ஓட்டு முடிஞ்சதும் அடிமைதான்னு மூணாம் பகுதி 15-ம் அத்தியாயத்துல எழுதினார். தேர்தல் முடிஞ்ச மறுநாள் நம்ம தெருவுல நின்னு இதை நினைச்சுப் பாரு. பொது விருப்பத்துக்கு, அதாவது மொத்த சமூகத்தோட நன்மையை நாடற விருப்பத்துக்கு, கீழ்ப்படியாதவனை சுதந்திரமா இருக்கச் சொல்லி கட்டாயப்படுத்தலாம்னும் அவர்தான் சொன்னார், எனக்கு அந்த வரி இன்னிக்கும் பயமா இருக்கு, அவர் மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்த இடத்துல நான் அவரோட போக மாட்டேன். பாரிஸ்ல அவரோட எமில் நூலையும், ஜெனீவாவுல எமிலோட சேர்த்து சமூக ஒப்பந்தத்தையும் எரிக்க உத்தரவு போட்டாங்க.

இங்கிலீஷ் அவ்வளவா வராது. தமிழ்ல கிடைக்குமா? சென்னையில எங்க போய் படிக்கறது? கொளத்தூர், ஆட்டோ ஓட்டுநர்.

கிடைக்கும் அண்ணே. வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவோட ரிபப்ளிக்கையும் ரூசோவோட சமூக ஒப்பந்தத்தையும் தமிழ்ல கொண்டு வந்திருக்கார். நடை கொஞ்சம் பழசா இருக்கும், பத்து பக்கம் சத்தமா படிச்சீங்கன்னா பழகிடும். எழும்பூர் கன்னிமாரா 1896-ல இருந்து இருக்கு, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல தமிழுக்குன்னே தனி பிரிவு இருக்கு, உள்ள உக்காந்து படிக்க காசு கிடையாது, சவாரி இல்லாத நேரத்துல போய் உக்காருங்க. இங்கிலீஷ்ல படிக்கறவங்களுக்கு ஒரு தகவல், ஜோனதன் பென்னட்னு ஒரு பேராசிரியர் ஹாப்ஸ், லாக் மாதிரி ஆட்களோட பழைய இங்கிலீஷை இப்பத்திய எளிய இங்கிலீஷா மாத்தி நெட்ல இலவசமா போட்டு வெச்சிருக்கார், பெரிய உதவி அது. யேல் பல்கலைக்கழகத்துல ஸ்டீவன் ஸ்மித் எடுத்த அறிமுக வகுப்பு முழுசும் வீடியோவா இலவசமா இருக்கு, அதுலயும் அவர் அப்பாலஜி, கிரிட்டோவுல இருந்துதான் தொடங்கறார்.

இத்தனை பேர் சொல்றீங்க, ஒரு பொம்பளை பேர் கூட இல்லையே மேடம்? ஆதம்பாக்கம் வாசகி.

இருக்காங்கம்மா, பாடத்திட்டம்தான் ரொம்ப காலம் அவங்களுக்கு கதவைத் திறக்கல. மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டி லண்டன் பாராளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1790-ல எழுதினப்ப முதல் ஆளா பதில் எழுதினது இவங்க, அடுத்து 1792-ல பெண்ணுரிமைக்குன்னே ஒரு நூல். ரூசோ எமில்னு ஒரு கல்வி நூல் எழுதினார், அதுல பையனுக்கு சுயமா யோசிக்கக் கத்துக் கொடுக்கணும், பொண்ணுக்கு புருஷனை சந்தோஷமா வெச்சுக்கக் கத்துக் கொடுக்கணும்னு இருக்கும். சுதந்திரத்தைப் பத்தி அவ்வளவு எழுதினவர் பாதி மனுஷ குலத்தை வெளிய நிறுத்திட்டார். உல்ஸ்டன்கிராஃப்ட் அதைப் பிடிச்சு பக்கம் பக்கமா கிழிக்கறாங்க, பெண்கள் பலவீனமா தெரியறாங்கன்னா நீங்க கொடுத்த படிப்பு அப்படிங்கறாங்க. 38 வயசுல, குழந்தை பொறந்து சில நாள்லயே இறந்துட்டாங்க.

அதுக்கப்புறம் இங்கிலாந்து சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1867-ல பாராளுமன்றத்துல பெண்களுக்கும் ஓட்டு வேணும்னு திருத்தம் கொண்டு வந்தார், 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு, தோத்துச்சு. இந்தியாவுல பெண்களுக்கு முதல்ல ஓட்டு கொடுத்த மாகாணம் நம்ம சென்னை மாகாணம், 1921-ல, சொத்து இருக்கறவங்களுக்கு மட்டும்னு ஒரு கட்டுப்பாட்டோட. இங்கிலாந்துல ஆண்களுக்கு சமமா பெண்களுக்கு ஓட்டு கிடைச்சது 1928-ல.

நமக்கு வள்ளுவர் இருக்கார், புறநானூறு இருக்கு. அரசு எப்படி இருக்கணும்னு அவங்க சொல்லாததையா இந்த வெள்ளைக்காரங்க சொல்லிட்டாங்க? தாம்பரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

ஐயா, உங்க கேள்வியை நான் முழு மனசோட எடுத்துக்கறேன். பொருட்பால் 70 அதிகாரம், அதுல முதல் 25 அதிகாரம் அரசியல்தான். நீங்க அதை ஊறிப் படிச்சவர்ங்கறதால உங்களுக்குத்தான் இந்த மேற்கத்திய நூல்கள் அதிகமா பேசும்னு நினைக்கறேன்.

நெல்லும் உயிரன்றே நீரும் உயிரன்றே மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்னு மோசிகீரனார் பாடினார். அரசன் இல்லைன்னா உலகத்துக்கு உயிரே இல்லங்கற இடத்துல ஹாப்ஸ் கிட்ட வர்றார், ஆனா அடுத்த வரியில, நான்தான் உயிர்னு தெரிஞ்சுக்கறது வேந்தனோட கடமைன்னு பாரத்தை அரசன் தலையில வைக்கறார். ஹாப்ஸ் பாரத்தை குடிமக்கள் தலையில வைக்கறார், கீழ்ப்படியறது உன் கடமைன்னு. எனக்கு இந்த இடத்துல மோசிகீரனார்தான் பெரியவரா தெரியறார்.

இப்ப குறள் 555. அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை. கொடுங்கோலை மக்களோட கண்ணீர் அழிக்கும்னு வள்ளுவர் எச்சரிக்கறார், அவர் பேசறது அரசன் கிட்ட. லாக் அதே சூழ்நிலையை எடுத்துக்கிட்டு அழறவங்க கிட்ட திரும்பிப் பேசறார், அந்த அரசை நீக்க உனக்கு உரிமை இருக்கு, எப்ப நீக்கலாம், யார் முடிவு பண்றதுன்னு. தீர்ப்பு சொல்றது யாருன்னு கேட்டு, மக்கள்தான்னு பதிலும் சொல்றார். நம்ம மரபுல அரசனுக்குச் சொன்ன அறிவுரை குவிஞ்சு கிடக்கு, குடிமகனோட உரிமையை ஒரு வாதமா கட்டின நூலைத் தேடினா அவ்வளவா அகப்படாது. அதை வெளிய போய் படிச்சு எடுத்துட்டு வர்றதுல நமக்கு எந்தக் குறையும் இல்ல.

இன்னொண்ணு. உங்க ஊர்ல இருந்து பஸ் பிடிச்சா உத்திரமேரூர் போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு, 919, 921-ம் வருஷத்தோடது. பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஊர் வேலையைப் பாக்கற வாரியத்துக்கு ஆள் எடுத்தாங்க, கணக்கு காட்டாதவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாது. அதைப் பாத்துட்டு வந்து அரிஸ்டாட்டிலோட அரசியல் நூல்ல நாலாம் பகுதியைப் படிங்க, பதவிக்கு குலுக்கல்ல ஆள் எடுக்கறது ஜனநாயக முறை, ஓட்டு போட்டு எடுக்கறது சிலராட்சி முறைன்னு எழுதியிருப்பார். ஏதென்ஸ்ல 500 பேர் சபையையே குலுக்கல்லதான் எடுத்தாங்க, பதவி முடிஞ்சதும் கணக்கு கேட்டாங்க. குடத்துல பேர் போட யாருக்கு அனுமதி இருந்துச்சுன்னும் ரெண்டு இடத்துலயும் பாக்கணும், இங்க நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்கள், அங்க பெண்களும் அடிமைகளும் வெளியூர்க்காரங்களும் தவிர மத்தவங்க. பெருமையோட சேர்த்து இதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க ஐயா.

சுதந்திரம் சுதந்திரம்னு எழுதினவங்க ஊர்க்காரங்கதான நம்மள ஆண்டாங்க? ராயபுரம், துறைமுகத் தொழிலாளி.

உங்க கோபம் சரிதான் தோழர், அதை மறைச்சு இவங்களைப் படிக்கக் கூடாது. லாக் அடிமை வியாபாரம் பண்ணின ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில பணம் போட்டிருந்தார். மில் 1823-ல இருந்து 1858 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியில, லண்டன் ஆபீஸ்ல வேலை பார்த்தவர், அடுத்த வருஷமே சுதந்திரத்தைப் பத்தி அவரோட பெரிய நூல் வருது, அதுல முதல் அத்தியாயத்துலயே நாகரிகம் அடையாதவங்களுக்கு சர்வாதிகாரமே சரியான ஆட்சி, அது அவங்க முன்னேற்றத்துக்காக இருக்கற வரைக்கும்னு எழுதிட்டார். நம்மளைத்தான் மனசுல வெச்சு எழுதினார்னு புரிஞ்சுக்க அவர் வேலையே போதும். அந்த வரியை அடிக்கோடு போட்டு வெச்சுட்டுத்தான் மிச்சத்தை நான் படிக்கறேன்.

ஆனா எல்லாரும் ஒரே மாதிரி இல்ல. வாலாஜா ரோடுன்னு சொல்றோமே, அந்த ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, சேப்பாக்கம் அரண்மனையில இருந்தவர். கோட்டையில இருந்த கம்பெனி ஆட்களே அவருக்கு கொள்ளை வட்டிக்கு கடன் கொடுத்து, வரி வசூலை எழுதி வாங்கி, கர்நாடிக்னு அப்ப சொன்ன ஆற்காட்டுப் பகுதி விவசாயிங்களை உறிஞ்சினாங்க. அதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28-ல லண்டன் பாராளுமன்றத்துல பர்க் மணிக்கணக்கா பேசினார், அந்தப் பணத்துல பாராளுமன்ற சீட்டையே வாங்கிட்டாங்கன்னு குற்றம் சாட்டினார். புரட்சியை வெறுத்த அதே பர்க்தான். நம்ம ஊர் பாழாப் போன கதை மேற்கத்திய அரசியல் சிந்தனையோட முக்கியமான ஒரு உரையா இருக்குன்னு இந்த ஊர்ல பல பேருக்குத் தெரியாது, தேடிப் படிங்க.

அம்பேத்கர் என்ன பண்ணினார்னு பாருங்க. 1949 நவம்பர் 25-ல அரசியல் நிர்ணய சபையில கடைசியா பேசறப்ப, எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் அவன் காலடியில உங்க சுதந்திரத்தை வைக்காதீங்க, அமைப்புகளையே கவுக்கற அளவுக்கு அதிகாரத்தை நம்பிக் கொடுக்காதீங்கன்னு எச்சரிச்சார். அந்த எச்சரிக்கை மில் எழுதினது, பேரைச் சொல்லியே எடுத்து வெச்சார். நம்மளுக்கு சுதந்திரம் வேணாம்னு சொன்னவரோட வரியை நம்ம குடியரசுக்குக் காவலா நிறுத்தினார். இந்த நூல்களை எப்படிப் படிக்கணும்னு என்னை யாராவது கேட்டா நான் அந்த உரையைத்தான் கையில கொடுப்பேன்.

மார்க்ஸை எப்ப படிக்கலாம்? மூலதனத்துல இருந்து தொடங்கட்டுமா? புளியந்தோப்பு.

வேணாம் தம்பி, 1848-ல வந்த கம்யூனிஸ்ட் அறிக்கையை மொதல்ல படிங்க, சின்ன நூல். 1931-லயே பெரியாரோட குடி அரசு பத்திரிகையில தமிழ்ல வந்துச்சு, இப்ப நல்ல மொழிபெயர்ப்பும் கிடைக்குது. அதுக்கு முன்னாடி லாக்கோட 5-ம் அத்தியாயத்தை ஒரு தடவை பாத்துடுங்க, உழைச்சவனுக்கு சொத்துன்னு அவர் சொல்லிட்டு, கொஞ்சம் தள்ளி என் வேலைக்காரன் வெட்டின புல்லு என்னோடதுங்கறார். அந்த ரெண்டு வரியையும் குறிச்சு வெச்சுக்கிட்டு அறிக்கையைத் திறங்க. மூலதனம் 1867, முதல் தொகுதியோட முதல் அத்தியாயம் ரொம்பக் கஷ்டம், பத்தாவது அத்தியாயம் வேலை நேரத்தைப் பத்தினது, அதுல இருந்து உள்ள போனீங்கன்னா சுலபமா இருக்கும்.